பெருமீன்கள் சுமக்கும் சோடியம்

 

நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகக் குறுகியது. கோள வடிவில் நெருங்கித் திரண்டிருக்கும் விண்மீன் கொத்துகளில் சிவப்புப் பெருமீன்கள் என்று ஒரு வகை உண்டு. அவற்றின் மேற்பரப்பில் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், சோடியம் ஆகியவை எவ்வளவு இருக்கின்றன என்ற கணக்குதான் இன்றைய பேச்சு. ஒரே கொத்தில் அருகருகே நிற்கும் இரண்டு பெருமீன்களிடம் இந்தக் கணக்கு ஒத்துப்போவதில்லை. ஏன் ஒத்துப்போகவில்லை என்று வானியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டு வருகிறார்கள். விண்மீன் தன் வாழ்நாளில் தானே செய்துகொண்ட மாற்றம் இது என்றது ஓர் அணி. பிறக்கும்போதே வந்த வேறுபாடு என்றது மற்றோர் அணி. இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும் என்று நினைத்ததால்தான் இந்த விவாதம் முப்பது ஆண்டுகள் இழுத்தது என்பது என் கருத்து. இரண்டு தடயங்களும் ஒரே விண்மீனில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்திருக்கின்றன. அவற்றைத் தனித்தனியே பிரித்தெடுத்த வேலையைப் பற்றித்தான் விரிவாகப் பேசப்போகிறேன்.

நம் பால்வீதியில் கோளக் கொத்துகள் 150க்கும் மேல் அறியப்பட்டுள்ளன. பொதுவாக ஒவ்வொன்றிலும் பல பத்தாயிரம் முதல் பல லட்சம் விண்மீன்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் வயது 1,200 கோடி ஆண்டுகளை ஒட்டியது. பால்வீதியே உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் பிறந்தவை இவை. ஹார்லோ ஷாப்லி 1918இல் இவை வானில் பரவியிருக்கும் விதத்தை அளந்து, சூரியன் பால்வீதியின் நடுவில் இல்லை என்று காட்டினார். இவற்றில் மிகப் பெரியது ஒமேகா சென்டாரி. லண்டனில் இருப்பவர்களுக்கு அது ஒருநாளும் உதிப்பதில்லை. எட்மண்ட் ஹாலி 1677இல் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போய்த்தான் அதைக் குறித்துக்கொள்ள முடிந்தது. நமக்கு அந்தச் சிரமம் இல்லை. மே மாத நடுவில் இரவு பத்து மணியை ஒட்டித் தெற்கே பார்த்தால், அடிவானத்திலிருந்து முப்பது பாகை உயரத்தில், நகர வெளிச்சம் இல்லாத எந்த ஊரிலிருந்தும் வெறுங்கண்ணுக்கே மங்கலான புள்ளியாகத் தெரியும். மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஒரு கோடி விண்மீன்கள் அந்தப் புள்ளிக்குள் இருக்கின்றன.

விண்மீன்கள் எப்படி மூப்படைகின்றன என்று படித்தவர்களுக்கு இந்தக் கொத்துகள் பெரும் வசதியாக இருந்தன. ஒரு கொத்தின் விண்மீன்கள் எல்லாம் நம்மிடமிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் உள்ளன. ஒரே வாயு முகிலிலிருந்து, ஒரே சமயத்தில் பிறந்தவை என்று கொள்ளப்பட்டன. அப்படியானால் அவற்றுக்குள் வேறுபாடு நிறை ஒன்றில் மட்டும்தான். நிறை கூடிய விண்மீன் எரிபொருளை விரைவாகத் தீர்க்கும், குறைந்தது மெதுவாகத் தீர்க்கும். இன்று வானில் தெரிகிற ஒரு கொத்து, பல்வேறு பருவங்களில் நிற்கும் விண்மீன்களின் வரிசையாகவே கிடைத்துவிடுகிறது. ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் இந்த நம்பிக்கையின் மீதுதான் விண்மீன் பரிணாமக் கோட்பாட்டைச் சோதித்தார்கள். இரும்பின் அளவு அந்த நம்பிக்கைக்குத் துணை நின்றது. பெரும்பாலான கொத்துகளில் விண்மீனுக்கு விண்மீன் இரும்பு பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்குமேல் மாறுவதில்லை.

பெருமீன் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வயதான கொத்தில் சூரியனின் நிறையில் முக்கால் பங்குக்குச் சற்று மேலுள்ள விண்மீன்கள்தான் இப்போது மையத்து ஹைட்ரஜனைத் தீர்த்து முடித்துக்கொண்டிருக்கின்றன. மையத்தில் ஹீலியம் தங்கிவிடும். அதைச் சுற்றிய மெல்லிய ஓட்டில் ஹைட்ரஜன் தொடர்ந்து எரியும். வெளிப்பகுதி பெருத்து, குளிர்ந்து, சிவக்கும். உச்சத்தை எட்டும்போது சூரியனைவிட 2,000 மடங்கு ஒளி வீசும். பல ஆயிரம் ஒளியாண்டு தொலைவிலுள்ள கொத்திலிருந்து நிறமாலை எடுக்க நெடுங்காலம் நம்மிடமிருந்த தொலைநோக்கிகளுக்கு எட்டியவை இந்தப் பெருமீன்கள் மட்டுமே. அதனால்தான் நம் கதை அவற்றில் தொடங்குகிறது. அவை பிரகாசமாக இருந்தது பெரிய உதவி. ஆனால் வாழ்நாளின் இறுதிப் பகுதியில் இருக்கும் விண்மீனை மட்டும் பார்த்தால், அதன் பிறவிக் குணம் எது, பின்னால் வந்தது எது என்று தெரியாது. இந்தச் சிக்கலும் அங்கேயே தொடங்கிவிட்டது.

நிறமாலையில் ஒரு கோடு அழுத்தமாக இருப்பதால் மட்டும் அந்தத் தனிமம் மிகுதி என்று சொல்லிவிட முடியாது. வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் ஏற்பக் கோடு வலுக்கும், மெலியும் என்பதை மேகநாத் சாகா 1920இல் சமன்பாடாகவே எழுதிக் காட்டினார். அந்தச் சமன்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் சிசிலியா பெய்ன் 1925இல் விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று கண்டார். கோளக் கொத்து இங்கே இன்னொரு வசதியைத் தருகிறது. ஒரே வெப்பநிலை, ஒரே ஒளிர்வு கொண்ட இரு பெருமீன்களை ஒரே கொத்திலிருந்து பொறுக்கி எடுத்து நிறமாலைகளை ஒப்பிடலாம். கோடுகள் வேறுபட்டால் அதற்கு வெப்பத்தைக் காரணம் காட்ட முடியாது. கலவைதான் வேறு.

வேய்ன் ஆஸ்பார்ன் 1971இல் அப்படித்தான் எம்5, எம்10 ஆகிய கொத்துகளில் கொத்துக்கு ஒன்றாக இரண்டு பெருமீன்களைச் சுட்டிக்காட்டினார். கூட இருந்த மற்றவற்றைவிட அவற்றில் சயனோஜன் பட்டை வலுவாக இருந்தது. சயனோஜன் என்பது கார்பன் அணுவும் நைட்ரஜன் அணுவும் சேர்ந்த மூலக்கூறு. தொடர்ந்து தேடியபோது இத்தகையவை விதிவிலக்கு அல்ல என்று தெரிந்தது. 47 டுக்கானே, என்ஜிசி 6752 போன்ற கொத்துகளில் பெருமீன்கள் சயனோஜன் வலுத்தவை, மெலிந்தவை என இரண்டு கூட்டமாகவே பிரிந்து நின்றன. சயனோஜன் வலுத்த இடத்தில் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறின் பட்டை மெலிந்திருந்தது. கார்பன் குறைந்திருக்கிறது, நைட்ரஜன் அதைவிடப் பலமாகக் கூடியிருக்கிறது என்பதே இதன் பொருள்.

கார்பன் குறைந்து நைட்ரஜன் கூடுவது வானியலாளருக்குப் பழகிய நிகழ்ச்சி. ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும் வழிகளில் ஒன்று கார்பன்–நைட்ரஜன்–ஆக்சிஜன் சுழற்சி. அந்தச் சுழற்சியில் மிக மந்தமான படி நைட்ரஜன் புரோட்டானைப் பிடிக்கும் படி. ஆகவே உள்ளே வரும் கார்பனெல்லாம் நைட்ரஜனாகத் தேங்கிவிடும். பெருமீனின் உள்ளே இந்த மாற்றம் நடந்துகொண்டே இருக்கிறது. அதை மேலே கொண்டுவர ஒரு வழி இருந்தால் போதும். சோற்று உலை கொதிக்கும்போது அடியில் கிடந்த அரிசி மேலே வந்து போவதைப் போல, பெருமீனின் வெளிப்பகுதி வெப்பச்சலனத்தால் கலங்கி, ஒரு கட்டத்தில் ஆழம் வரை எட்டிப் பொருளை அள்ளி வருகிறது. இந்த முதல் அள்ளல் கோட்பாட்டின்படியே எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் கண்ட அளவுக்கு மாற்றம் செய்ய அது போதாது. ஆலன் ஸ்வைகார்ட்டும் ஜான் மெங்கலும் 1979இல் வேறு யோசனை சொன்னார்கள். விண்மீனின் சுழற்சி ஒரு மெதுவான ஓட்டத்தை உண்டாக்கி, வெப்பச்சலனம் எட்டாத ஆழத்தையும் மேற்பரப்பையும் இணைக்கும் என்றார்கள். இரண்டே ஆண்டில், 1981இல், நிக்கலஸ் சன்ட்செஃப் எம்3, எம்13 கொத்துகளில் பெருமீன் மேலும் மேலும் பிரகாசமாகும்போது கார்பன் படிப்படியாகக் குறைவதைக் காட்டினார். ஒளிர்வு என்பது இங்கே வயதேறும் படி. படி ஏற ஏறக் கார்பன் தேய்கிறதென்றால் விண்மீன் அதைத் தானே செய்துகொள்கிறது என்பதில் ஐயம் இல்லை. முதல் அணியின் கை ஓங்கியது.

ஆனால் அதே ஆண்டுகளில் சோடியம் குறுக்கே வந்தது. ஜூடித் கோஹன் 1978இல் எம்3, எம்13 பெருமீன்களில் சோடியத்தின் அளவு விண்மீனுக்கு விண்மீன் மாறுவதைக் கண்டார். சயனோஜன் வலுத்த விண்மீன்களில்தான் சோடியமும் மிகுதி என்று 1980இல் ரூத் பீட்டர்சன் எம்13இல் காட்டினார். அடுத்த ஆண்டு பீட்டர் காட்ரெல், கேரி டா கோஸ்டா இருவரும் 47 டுக்கானேயிலும் என்ஜிசி 6752இலும் சோடியத்துடன் அலுமினியமும் கூடியிருப்பதைக் கண்டார்கள். சூரியனை விடச் சிறிய ஒரு விண்மீன், அதிலும் ஹைட்ரஜனை மட்டுமே எரிக்கும் பருவத்தில், சோடியமும் அலுமினியமும் செய்யும் என்று அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவ்விருவரும் அன்றே ஒரு முடிவைச் சொன்னார்கள். நிறை மிகுந்த வேறு விண்மீன்கள் முன்பே வாழ்ந்து முடிந்து, தங்கள் சாம்பலை வாயுவில் கலந்திருக்கின்றன. அந்த வாயுவிலிருந்தோ அதைப் பூசிக்கொண்டோ இந்தப் பெருமீன்கள் உருவாயின என்பதே அது.

இந்த இடத்தில் ஆக்சிஜன் அளப்பைப் பற்றிச் சற்று நின்று பேச ஆசைப்படுகிறேன். புத்தகங்களில் ஒரே வரியில் கடந்துவிடுகிற இந்த வேலையில் எத்தனை பொறுமை இருக்கிறது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். குளிர்ந்த பெருமீனில் ஆக்சிஜனை அளக்க நம்பகமான கோடு 630 நானோமீட்டரில் இருக்கிறது. மெல்லிய கோடு. அதே அலைநீளத்தில் பூமியின் மேல்வளிமண்டல ஆக்சிஜனும் இரவு முழுக்கச் செவ்வொளி வீசிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றிலும் நம் காற்றின் ஆக்சிஜன் மூலக்கூறுகள் போடும் கோடுகள் வேறு. ஆயிரமாயிரம் ஒளியாண்டு கடந்து வந்த ஆக்சிஜனின் அடையாளத்தைக் கடைசிச் சில நூறு கிலோமீட்டரில் நம் ஆக்சிஜனே மறைக்கிறது. கொத்து நம்மை நோக்கியோ விலகியோ வேகமாக நகர்ந்தால் மட்டுமே டாப்ளர் விளைவால் அதன் கோடு சற்றே ஒதுங்கித் தெரியும். எம்13 நொடிக்கு 240 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நம்மை நெருங்கிக்கொண்டிருப்பதால் அங்கே இது முடிந்தது.

கலிஃபோர்னியாவின் ஹாமில்டன் மலையிலுள்ள லிக் வானாய்வகத்தின் 3 மீட்டர் தொலைநோக்கியில் ராபர்ட் கிராஃப்டும், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டஃபர் ஸ்னீடனும், அவர்களுடன் சேர்ந்தவர்களும் 1990களில் கொத்து கொத்தாக இந்த வேலையைச் செய்தார்கள். ஒரே வரைபடத்தில் ஒவ்வொரு பெருமீனின் ஆக்சிஜனையும் சோடியத்தையும் குறித்தார்கள். புள்ளிகள் சிதறவில்லை. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் சோடியம் கூடிற்று. எம்13இன் உச்சிப் பெருமீன்கள் சிலவற்றில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதைத்தான் ஆக்சிஜன்–சோடியம் எதிருறவு என்கிறோம்.

சோடியம் எங்கிருந்து வருகிறது? சோவியத் நாட்டில் பாவெல் டெனிசென்கோவும் ஸ்வெட்லானா டெனிசென்கோவாவும் அதற்கு வழி காட்டியிருந்தார்கள். விண்மீனில் இயல்பாகவே இருக்கும் நியான்-22 ஐசோடோப்பு ஒரு புரோட்டானைப் பிடித்தால் சோடியம்-23 ஆகிவிடும். சுமார் 4 கோடி கெல்வினில், ஆக்சிஜன் நைட்ரஜனாக மாறும் அதே அடுக்கில், இதுவும் நடக்கும். ஆகவே ஆக்சிஜன் குறைவதும் சோடியம் கூடுவதும் ஒரே உலையின் இரண்டு விளைவுகள். பல கொத்துகளில் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றின் கூட்டுத்தொகை மாறாமல் இருப்பதும் இதற்குச் சான்று. புதிதாக எதுவும் சேரவில்லை. இருந்தது உருமாறியிருக்கிறது.

இந்த விளக்கம் முதல் அணிக்குப் புது உயிர் கொடுத்தது. பெருமீனின் எரியும் ஓட்டுக்கு மேலேயே சோடியம் உண்டாகுமானால், ஆழக் கலங்கல் ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடாதா? எம்13இல் உச்சிக்கு அருகே உள்ள பெருமீன்களில் ஆக்சிஜன் குறைந்தவை அதிகம் தென்பட்டதும் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. இடித்தது மெக்னீசியம்தான். மேத்யூ ஷெட்ரோன் 1996இல் எம்13 பெருமீன்களில் அலுமினியம் கூடும்போது மெக்னீசியம்-24 குறைவதைக் கண்டார். மெக்னீசியம்-24ஐ அலுமினியமாக மாற்ற ஏறத்தாழ 7 கோடி கெல்வின் வேண்டும். சூரியனைவிடச் சிறிய பெருமீனின் ஓடு அத்தனை சூடேறுவதில்லை.

நேர்மையாகப் பார்த்தால் இதற்கு ஒரே தீர்வுதான். பெருமீன் ஆகாத விண்மீன்களைப் பார்க்க வேண்டும். மையத்தில் ஹைட்ரஜன் எரியும் பருவமான முதன்மைத் தொடரை விட்டு அப்போதுதான் நகரத் தொடங்கும் விண்மீனின் மையமே சுமார் 2 கோடி கெல்வின்தான். அங்கே சோடியம் செய்யவும் முடியாது, செய்தாலும் மேலே கொண்டுவர ஆழ்ந்த வெப்பச்சலனமும் இல்லை. அதனிடமும் இதே வேறுபாடு தென்பட்டால் அது பிறவியிலேயே வந்ததுதான். சயனோஜனைப் பொறுத்தவரை 47 டுக்கானேயில் ஜேம்ஸ் ஹெசர் 1978இலேயே இந்தத் திசையில் கால் வைத்திருந்தார். ஆனால் சோடியத்தையும் ஆக்சிஜனையும் அளக்க நுட்பமான நிறமாலை தேவை. அருகிலுள்ள கொத்தில்கூட இந்த விண்மீன்களின் பொலிவெண், அதாவது மங்க மங்கக் கூடும் எண், 17ஐ ஒட்டியது. வெறுங்கண்ணால் நாம் காணும் மிக மங்கலான விண்மீனைவிட 25,000 மடங்கு மங்கல். சிலியின் பாரனால் மலையில் ஐரோப்பியத் தெற்கு வானாய்வகம் 8.2 மீட்டர் ஆடிகளை நிறுவும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ரஃபேலே கிராட்டன் தலைமையிலான குழு 2001இல் என்ஜிசி 6752இன் அத்தகைய விண்மீன்களில் ஆக்சிஜனையும் சோடியத்தையும் அளந்து வெளியிட்டது. எதிருறவு அங்கேயும் அப்படியே இருந்தது. இத்துறையில் எனக்கு மிகப் பிடித்த கட்டுரை அது. விவாதத்தை முடித்துவைத்ததால் மட்டும் அல்ல, கேள்வியின் எந்த முனையில் கத்தியை வைத்தால் அது இரண்டாகப் பிளக்கும் என்று கண்டுகொண்ட கட்டுரை என்பதால். அந்த விண்மீன்கள் தாமாகச் செய்திருக்க முடியாத பொருளை அவை சுமந்துகொண்டிருந்தன.

இதனால் முதல் அணி தோற்றுவிட்டது என்று பலர் எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அதே கிராட்டன், ஸ்னீடன் முதலியோருடன் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் இன்னொரு வேலையை முடித்திருந்தார். கொத்துகளில் சேராமல் தனியே திரியும், இரும்பு குறைந்த பெருமீன்களை எடுத்துக்கொண்டு படிப்படியாக அளந்தார்கள். பெருமீன் பாதையில் ஒரு குறிப்பிட்ட ஒளிர்வைத் தாண்டியதும் லித்தியம் அழிகிறது, கார்பன் சரிகிறது, நைட்ரஜன் ஏறுகிறது. ஆக்சிஜனும் சோடியமும் மட்டும் அசையவே இல்லை. ஆழக் கலங்கல் உண்மை, அதற்கு எல்லையும் உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று. கொத்துப் பெருமீன் ஒன்றை எடுத்தால், படியேறும்போது தேய்ந்த கார்பன் அதன் சொந்த வரலாறு. சோடியமும் அலுமினியமும் குறைந்த ஆக்சிஜனும் அது பிறந்த வாயுவின் வரலாறு. நைட்ரஜனில் இரண்டும் கலந்திருக்கின்றன. சன்ட்செஃப் கண்டதும் சரி, காட்ரெலும் டா கோஸ்டாவும் கண்டதும் சரி. ஒரே விண்மீனின் இரண்டு காலங்களை அவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு எண்ணிக்கை பெருகியது. யூஜெனியோ கரெட்டாவின் குழு 2009இல் 19 கொத்துகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெருமீன்களின் அளவுகளை வெளியிட்டது. எதிருறவு இல்லாத கொத்து அவற்றில் இல்லை. மூன்றில் ஒரு பங்கு விண்மீன்கள்தான் தனித்திரியும் விண்மீன்களைப் போன்ற கலவை கொண்டவை. மற்றவை அனைத்தும் ஏதோ ஒரு அளவுக்கு மாறியவை. அதாவது விசித்திரம் என்று நாம் பெயரிட்டதுதான் கொத்துகளில் பெரும்பான்மை.

இப்போது ஹீலியத்துக்கு வருகிறேன். ஹைட்ரஜன் எரிந்தால் விளைவது ஹீலியம். சோடியம் செய்யும் அளவுக்கு ஹைட்ரஜன் எரிந்த வாயுவில் ஹீலியமும் கூடியிருக்க வேண்டும். குளிர்ந்த விண்மீனில் ஹீலியம் கோடு காட்டாது என்பதால் அதை நேரே அளப்பது அரிது. 2004இல் லூயிஜி பெடின் முதலியோர் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் ஒமேகா சென்டாரியின் முதன்மைத் தொடர் இரண்டாகப் பிரிந்திருப்பதைக் காட்டினார்கள். மறு ஆண்டு ஜாம்பவுலோ பியோட்டோ குழு நிறமாலை எடுத்தபோது, நீலப் பக்கத்துத் தொடரில்தான் கன தனிமங்கள் அதிகம் என்று தெரிந்தது. கன தனிமங்கள் கூடினால் விண்மீன் சிவக்க வேண்டும். இங்கே தலைகீழாக இருந்தது. அதன் ஹீலியம் 35 சதவீதத்தையும் தாண்டியிருந்தால் மட்டுமே கணக்கு ஒத்து வந்தது. பெருவெடிப்பில் உருவான ஹீலியம் 25 சதவீதத்தை ஒட்டியது என்பதை நினைவில் கொண்டால் இதன் பெருக்கம் புரியும்.

இந்தக் கதையில் ஜவ்வாது மலைக்கும் ஓர் இடம் உண்டு. காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கியால் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பி. பி. ஹேமாவும் கஜேந்திர பாண்டேயும் ஒமேகா சென்டாரியின் பெருமீன்களை ஆராய்ந்தார்கள். ஹீலியத்தைத் தேடுவதற்குப் பதிலாக ஹைட்ரஜன் எங்கே குறைகிறது என்று தேடினார்கள். பெருமீனின் நிறமாலையில் தனி மெக்னீசியத்தின் கோடுகளும், மெக்னீசியம் ஹைட்ரைடு மூலக்கூறின் பட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மெக்னீசியக் கோடு வலுவாக இருந்தும் ஹைட்ரைடு பட்டை மெலிந்தோ இல்லாமலோ போனால், குறைந்தது மெக்னீசியம் அல்ல, ஹைட்ரஜன். அப்படிப்பட்ட நான்கு பெருமீன்களை அவர்கள் 2014இல் அறிவித்தார்கள். ஹீலியம் செறிந்த கூட்டத்தைச் சேர்ந்த பெருமீன்களாக இவை இருக்கலாம். நடுத்தர அளவுள்ள தொலைநோக்கியும் பிரிதிறன் குறைந்த நிறமாலையும் வைத்துக்கொண்டு சரியான கேள்வியைக் கேட்டதால் கிடைத்த விளைவு இது. நம் மாணவர்கள் இதைப் பெருமையுடன் படிக்க வேண்டும்.

ஒமேகா சென்டாரி மற்ற கொத்துகளோடு முழுதாகச் சேர்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே இரும்பே விண்மீனுக்கு விண்மீன் பத்து மடங்குக்குமேல் மாறுகிறது. பால்வீதி விழுங்கிய ஒரு சிறு விண்மீன் மண்டலத்தின் எஞ்சிய மையம் அது என்று பலரும் கருதுகிறார்கள். அது தனிப் பேச்சுக்குரிய பொருள்.

பிறவியில் வந்தது என்றால் கொடுத்தது யார்? இதற்கு இன்றுவரை ஒப்புக்கொள்ளப்பட்ட விடை இல்லை. உலையின் வெப்பம் 7 கோடி கெல்வினை ஒட்டியது என்று தெரியும். அந்த உலை யாருடையது என்று தெரியாது. சூரியனைப் போல் நான்கு முதல் எட்டு மடங்கு நிறையுள்ள விண்மீன்கள் தம் இறுதிப் பருவத்தில் வெப்பச்சலனப் பகுதியின் அடியிலேயே எரிந்து, மெதுவான காற்றாகப் பொருளை உதறுகின்றன என்பது ஒரு கட்சி. அவற்றில் சோடியமும் ஆக்சிஜனும் சேர்ந்தே கூடவோ சேர்ந்தே குறையவோ முனைவது இதற்கு இடையூறு. வேகமாகச் சுழலும் பெரு நிறை விண்மீன்கள் என்பது இன்னொன்று. நெருங்கிய இரட்டையாகப் பிறந்து ஒன்றையொன்று உரித்துக்கொள்ளும் பெரு விண்மீன்கள் என்று செல்மா டி மிங்க் 2009இல் வாதிட்டார். கொத்தின் நடுவில் மோதி மோதி ஒன்றாகிய, சூரியனைப் போல் பல ஆயிரம் மடங்கு நிறையுள்ள ஒரே ஒரு விண்மீன் என்று 2014இல் டெனிசென்கோவும் டேவிட் ஹார்ட்விக்கும் சொன்னார்கள். சூப்பர்நோவாக்கள் மட்டும் பட்டியலில் இல்லை. அவை இரும்பைக் கொட்டிவிடும், கொத்தில் இரும்போ மாறவில்லை.

எல்லா விளக்கங்களையும் ஒரே கேள்வி மடக்குகிறது. முதல் தலைமுறை விண்மீன்கள் உதறும் பதப்பட்ட பொருள் அவற்றின் மொத்த நிறையில் சில சதவீதம்தான். அதிலிருந்து கொத்தின் பெரும்பான்மையை எப்படிச் செய்வது? கொத்து முதலில் பத்து மடங்கோ இன்னும் கூடுதலோ பெரிதாக இருந்து, முதல் தலைமுறையை வெளியே சிந்திவிட்டது என்று பதில் சொன்னார்கள். சிந்தியவை எங்கே என்று பார்க்க ஃபோர்னாக்ஸ் சிறு விண்மீன் மண்டலம் நல்ல இடம். இரும்பு மிகக் குறைந்த விண்மீன்களை மட்டும் எண்ணினால், அங்கே ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை இன்னும் கொத்துகளுக்குள்ளேயே இருக்கின்றன என்று சோரன் லார்சன் முதலியோர் 2012இல் காட்டினார்கள். வெளியே உள்ள அத்தனையும் கொத்துகள் சிந்தியவையே என்று வைத்தாலும் அவை நான்கைந்து மடங்குக்குமேல் பெரிதாக இருந்திருக்க முடியாது. பத்து மடங்குக் கணக்கு அங்கே முறிந்தது. என்னைக் கேட்டால், ஒற்றைப் பெரு விண்மீன் என்ற யோசனை, எத்தனை வினோதமாகத் தோன்றினாலும், உலையின் வெப்பத்தோடு மற்றவற்றைவிட நன்றாகப் பொருந்துகிறது. 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பெருவெடிப்புக்குப் பின் 44 கோடி ஆண்டுக்குள் ஒளிர்ந்த ஜிஎன்-இசட்11 மண்டலத்தில் ஆக்சிஜனோடு ஒப்பிட நைட்ரஜன் அளவுக்கு மீறி இருப்பதைக் காட்டியபோது, நாம் பிறந்துகொண்டிருக்கும் கோளக் கொத்துகளைப் பார்க்கிறோமா என்று சிலர் கேட்டதில் வியப்பில்லை. ஆனால் நைட்ரஜன் ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது. சோடியமும் அலுமினியமும் அத்தனை தொலைவில் இன்னும் அளக்கப்படவில்லை.

இப்போது சோதனை நடப்பது பால்வீதியின் துணை மண்டலங்களான மகெல்லன் முகில்களில். பால்வீதியில் கிடைக்காத ஒன்று அங்கே உண்டு: நிறையில் பெரிதாகவும் வயதில் இளமையாகவும் உள்ள கொத்துகள். சுமார் 200 கோடி ஆண்டு வயதுள்ள என்ஜிசி 1978இன் பெருமீன்களில் நைட்ரஜன் வேறுபாடு தெரிந்தது. 150 கோடி ஆண்டு வயதுள்ள என்ஜிசி 419இன் பெருமீன்களில் தெரியவில்லை. கொத்துகள் இப்படிப் பிறப்பது ஒரு காலத்தோடு நின்றுபோய்விட்டதா? அப்படி அவசரப்பட வேண்டியதில்லை. இளங்கொத்தில் இன்று பெருமீனாக நிற்பவை சூரியனைவிடக் கனமானவை. பழங்கொத்தில் நிற்பவை இலகுவானவை. நாம் வயதை ஒப்பிடுகிறோமா, விண்மீனின் நிறையை ஒப்பிடுகிறோமா என்றே தெரியாமல் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். 2022இல் மரியோ காடெலானோ முதலியோர் ஹப்பிள் படங்களில் 150 கோடி ஆண்டு வயதுள்ள என்ஜிசி 1783இன் பெருமீன்களை விட்டுவிட்டு, முதன்மைத் தொடரில் இன்னும் நிற்கும் சிறு விண்மீன்களைப் பார்த்தார்கள். நைட்ரஜன் வேறுபாடு அங்கே இருந்தது. அது உறுதியாவதற்கு அந்தச் சிறு விண்மீன்களின் நிறமாலையை எடுத்து, சோடியத்தையும் ஆக்சிஜனையும் தனித்தனியே அளக்க வேண்டும். அவை பொலிவெண் 23ஐ ஒட்டியவை. இன்றுள்ள எந்தத் தொலைநோக்கிக்கும் அது எட்டாது. சிலியின் அர்மசோனஸ் மலையில் எழுந்துகொண்டிருக்கும் 39 மீட்டர் தொலைநோக்கிக்கும், இந்தியா பங்காளியாக உள்ள 30 மீட்டர் தொலைநோக்கிக்கும் எழுதப்படும் வேலைப் பட்டியலில் இதுவும் இடம்பெற வேண்டும். அந்த நிறமாலைகளைப் படிக்கப்போகிறவர்கள் இன்று கல்லூரி வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இந்த அரங்கிலும் இருக்கலாம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.